விழுங்கிய பிறகு

தலைகீழாக நின்றுகொண்டு தண்ணீர் குடிக்க முடியுமா என்று எட்டாம் வகுப்பில் நான் சோதித்துப் பார்த்தேன். உணவுக்குழலில் சாப்பாடு தன் எடையால் கீழே விழுவதில்லை, தசைகள்தான் அதைத் தள்ளுகின்றன என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டால் கீழே போகிறது, சோறு மட்டும் ஏன் போகாது? சாயங்காலம் அப்பா ட்யூட்டி முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வேறு அப்பாவாக இருந்தால் போய்ப் படி என்றிருப்பார். என் அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வா, பாத்துருவோம்" என்றார்.

பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், சுவரோரம் தலையணையைப் போட்டு என்னைத் தலைகீழாக நிறுத்தினார். இரண்டு கணுக்கால்களையும் அவர் பிடித்துக்கொண்டார். இளநீர் வாங்கும்போது கொடுத்த ஸ்ட்ரா ஒன்று டம்ளரில் கிடந்தது. பிள்ளையின் கழுத்தை முறிக்காமல் விடமாட்டார் போல என்று அம்மா அடுக்களையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். முதல் வாய் மூக்கில் ஏறி நான் செத்தேன். அப்பா காலை விடவில்லை. இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். இரண்டாவது வாயை ஒழுங்காக விழுங்கினேன். தண்ணீர் கழுத்துக்குள் மேல்நோக்கி ஏறி, நெஞ்சைக் கடந்து, வயிற்றுக்குள் போய் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது, ஏறியது. அந்தக் குளிர்ச்சியை இப்போதும் என்னால் விரலால் தொட்டுக் காட்ட முடியும்.

பாவாடைக்கு நாடா கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊக்கை நாடாவின் முனையில் குத்தி, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போவோம். உணவுக்குழல் செய்வது அதுதான். சோற்று உருண்டைக்குப் பின்னால் சுருங்கும், முன்னால் விரிந்து வழிவிடும். நீங்கள் படுத்திருந்தாலும் சரி, தலைகீழாகத் தொங்கினாலும் சரி, அதற்குக் கவலை இல்லை. உங்களிடம் அனுமதியும் கேட்காது. நாக்கு இருக்கிறது, பல் இருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் துப்பலாம், அதெல்லாம் தொண்டையின் பின்பக்கத்தைத் தொடும்வரைதான். தொட்டுவிட்டால் போச்சு. அதற்குப் பிறகு நடக்கும் எதிலும் நமக்குச் சொல்லும் கிடையாது, கேள்வியும் கிடையாது. ஒரு மனிதர் கொடுப்பதை நாம் வாங்கி விழுங்குகிறோம் என்றால், நம் உடம்பின் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. அப்பா என் காலைப் பிடித்திருந்தார், தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குக் குடல் பைத்தியம். கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் பக்கத்து இலையில் உட்கார யாரும் துணியமாட்டார்கள். செங்கோட்டையில் ஒரு பந்தியில், பாயசத்துக்கு வாயைத் திறந்த மாமாவிடம், இப்போது உங்கள் பித்தப்பை பையை இறுக்கிக்கொண்டு தயாராக நிற்கும், நெய் வாசனைக்கே அதற்கு ஆள் வந்துவிட்டது தெரியும் என்றேன். மாமா இலையோடு எழுந்து எதிர்ப்பந்திக்குப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. இவ்வளவு பெரிய தொழிற்சாலையை வயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறார்களே என்றுதான் இருந்தது.

படிப்பு முடிந்ததும் தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தேன். செரிமானப் பாடம் வந்தால் மணி அடித்தாலும் விடமாட்டேன். எலும்பையே கரைக்கிற அமிலத்தை வைத்துக்கொண்டு இரைப்பை தன்னைத் தானே கரைத்துக்கொள்ளாமல் எப்படி இருக்கிறது? கோழையைப் பூசிக்கொண்டு, தேயத் தேயப் புதுத்தோலை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. இரைப்பையின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது, நல்ல கெடுபிடியான வாசல். உள்ளே கூழான பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். வெளியே வந்ததும் கணையம் அந்த அமிலத்தை அடக்குகிறது, பித்தம் கொழுப்பை உடைக்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் சிறுகுடல்.

சிறுகுடலுக்கு வரும்போது நான் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். காலையில் தின்ற இட்லி இப்போது உங்கள் உடம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? எல்லாரும் உள்ளே என்பார்கள். இல்லை. வாய் தொடங்கி ஆசனவாய் வரைக்கும் ஒரே குழாய். குழாயின் நடு ஓட்டைக்குள் கிடப்பது இன்னும் உடம்புக்குள் வரவில்லை. சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால்தான் அது உங்களுடையது. அந்தச் சுவர் முழுக்க விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள். டர்க்கி டவலைத் தடவிப் பாருங்கள், நூல் நூலாக எழுந்து நிற்கிறதே, அதுமாதிரி. அந்த நூல்கள் இருப்பதால்தான் டவல் அவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது. குற்றாலத்தில் அருவிக்கரையில் விற்கிற மெல்லிய துண்டு அப்படிக் குடிக்காது. உதாரணம் சொல்லும்போது இரண்டையும் பையிலிருந்து எடுத்து நனைத்தே காட்டுவேன்.

அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த வருஷத்தில்தான் எனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. வயிறு உப்பி, எதைத் தின்றாலும் வெளியே போனது. பக்கத்து வீட்டில் கண்ணுபட்டுவிட்டது என்றார்கள். அம்மா பூச்சி மருந்து கொடுத்தாள். இரும்புச்சத்து மாத்திரையைப் புட்டிபுட்டியாக விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. திருநெல்வேலியில் குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் அப்பா அழைத்துப் போனார். டாக்டர் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்தி. ஒருத்தருக்கு மட்டும் தனியாக எதற்கு என்று எல்லாருக்கும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் வழியில் பரோட்டா. நான் சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா கோதுமை, கோதுமை என்று அடிக்கோடு போட்டது.

வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தபோது திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். குழாயை வாயில் வைத்துக்கொண்டு பாடம் கேட்கிற முதல் பேஷண்ட் நான்தான் என்று நர்ஸ் சொன்னார். என் இரைப்பையைப் பார்த்தேன். ஈரமாக, ரோஜா நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக இருந்தது. கண்ணீரே வந்துவிட்டது, குழாயாலும்தான். அந்தக் கெடுபிடி வாசலைத் தாண்டிக் குழாய் சிறுகுடலுக்குள் போனது. அங்கே மடிப்புகளின் ஓரம் பல் பல்லாக அரித்திருந்தது. ஒரு கிள்ளு எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் படுத்துவிட்டன, சில இடத்தில் இல்லவே இல்லை. என் டர்க்கி டவல் அருவிக்கரைத் துண்டாகிவிட்டிருந்தது.

சீலியாக் நோய். இந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை என்றார் டாக்டர். கோதுமையில் பசைபோல இருக்கிற புரதத்தின் ஒரு துண்டை எந்த நொதியாலும் முழுசாக வெட்ட முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடும். என் உடம்பின் காவல்படை மட்டும் அதை எதிரி என்று முடிவு கட்டி, அது நிற்கிற வீட்டையே இடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் நான் யாரைப் புகழ்ந்து பேசித் திரிந்தேனோ அதே குடல் என்னை இப்படிச் செய்துவிட்டதே என்று பஸ் நெடுக அழுதேன். அப்பா ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, தோளில் சாய்த்துக்கொண்டார். மருந்து கிடையாது, கோதுமையைத் துளிகூடத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம், தொடாமல் இருந்தால் அந்த விரல்கள் திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முளைக்கும் என்கிற வார்த்தை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

மறுநாளே வீட்டில் சப்பாத்திக் கல் பரணுக்குப் போனது. அப்பா பரோட்டாவை விட்டார். பரோட்டாவை விட்ட ஆண்பிள்ளை ஒருவரைத் தென்காசியில் நீங்கள் காட்டுங்கள் பார்ப்போம். அவர் அப்போதுதான் ஏட்டாக ஓய்வு பெற்றிருந்தார். பாதிக் காலம் புதிதாக வருகிற பையன்களை மைதானத்தில் ஓடவைத்துப் பழக்கியவர். கையில் வேலை இல்லாமல் இருந்தவருக்கு என் வயிறு ஒரு வேலையாகக் கிடைத்தது. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி, அம்மாவை வறுக்கச் சொல்லி, தானே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டுபோய் மில்லில் திரித்துவந்தார். காலையில் அந்த மாவைத் தானே காய்ச்சி, சூடு பார்த்து, டம்ளரில் கொண்டுவந்து கொடுப்பார். நான் முழுசும் குடிக்கும்வரை நிற்பார். மூன்று மாதத்தில் நகத்தில் நிறம் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. முளைக்குதுட்டி என்று அப்பா என் தலைமுடியைப் பார்த்துச் சொல்வார். அவர் எதைச் சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த நல்ல நேரத்தில்தான் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு இடம் கிடைத்தது. குடலும் அதன் காவல்படையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பற்றிய படிப்பு. தேர்வு எழுதி, இன்டர்வியூ முடித்து, பட்டியலில் என் எண்ணைப் பார்த்த அன்று நான் தெருவில் ஓடினேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்கிற மாதிரியான ஆசை அது. ஜூலைக் கடைசியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒன்று இருந்தது. எதிர்ப்பொருள் அளவு இறங்கியிருந்தால் தாராளமாகப் போகலாம், இல்லையென்றால் வெளியூர் வாசம் இந்த வருஷம் வேண்டாம், இருக்கிற ரத்தமும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா ஒரே வாக்கில் முடித்தார்: "ரிப்போர்ட் நல்லா வரட்டும். நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

அதற்குப் பிறகு வயிறு திரும்பக் கெட ஆரம்பித்தது. முதலில் லேசான உப்புசம். பிறகு பழைய கதை. எனக்குப் புரியவில்லை. நான் துப்பறிய ஆரம்பித்தேன். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்பதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. செரிப்பதற்கென்று ரசத்தில் போடுகிற பெருங்காயமே குடலைத் தின்கிறதா! டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். பிறகு தோசைக்கல்லைச் சந்தேகப்பட்டேன். பலகாரக் கடை முறுக்கைச் சந்தேகப்பட்டேன். டியூஷனில் சாக்பீஸைத் தொட்ட கையைச் சந்தேகப்பட்டேன். என்னையே சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் எழுந்துபோய் எதையாவது தின்கிறேனோ என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், போட்டி கிறுக்கி என்றாள்.

நான் சந்தேகப்படாத ஒன்றே ஒன்று அந்தக் காலைக் கஞ்சி. வயிறு சரியில்லாத அன்று அதை மட்டும்தான் குடித்தேன். கக்கூஸில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய் வெளியே வந்தால் அப்பா டம்ளரோடு நிற்பார். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், தைரியமாக இரு என்பார். எதன் ஆரம்பம் என்று நான் கேட்கவில்லை.

சாரல் தொடங்கி, ஊருக்குள்ளேயே குளிர் இறங்கியிருந்த நாளில் திருநெல்வேலிக்குப் போனோம். ரிப்போர்ட்டை டாக்டர் மேஜையில் விரித்தார். அளவு இறங்கவில்லை. ஏறியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கயோ சாப்பிடுதீங்கம்மா. எங்கிட்ட மறைச்சு யாருக்கு நஷ்டம்?"

நான் சாப்பிடவில்லை என்றேன். சத்தியம் செய்தேன். பெருங்காயக் கதையைச் சொன்னேன், முறுக்குக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பொய் சொல்கிறவள் மாதிரியே எனக்கே கேட்டது. டாக்டர் சலித்துப்போய் அப்பாவிடம் திரும்பினார். படித்த பிள்ளைகள்தான் சார் அதிகம் ஏமாற்றுகிறார்கள், வீட்டில் நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும் என்றார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளை அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். எட்டாம் வகுப்பில் என் கால்களைப் பிடித்த கை இரண்டும் அவர் மடியில் கிடந்தன. சரி சார் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த வருஷம் போக முடியாது என்று ஆனது. நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தேன். இடத்தைப் பிடித்துவைக்க விதி இல்லை, அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. சேர வேண்டிய நாளன்று நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா ரயிலுக்கு வாங்கிவைத்திருந்த பூட்டையும் சங்கிலியையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அதற்கடுத்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். கஞ்சி மாவு தீர்ந்திருந்தது. வறுத்த தானியப் பையை எடுத்துக்கொண்டு மில்லுக்கு நானே போனேன். அதுவரைக்கும் நான் அங்கே போனதில்லை. மில்லில் மாவு அப்பிய புருவத்தோடு ஓர் அக்கா நின்றாள். பையைப் பார்த்ததும் அப்பா பேரைச் சொல்லாமலே அடையாளம் தெரிந்துகொண்டாள். காய்ச்சல் என்றதும் அண்ணாச்சிக்குக் காய்ச்சலா என்று வருத்தப்பட்டாள். தானியத்தை மிஷினின் வாயில் கொட்டப் போனவள் கையை நிறுத்தினாள்.

"கோதுமைய விட்டுட்டு வந்துட்டியோ? அண்ணாச்சி பொட்டலமா மடிச்சுத் தனியாத் தருவாவளே."

எந்தப் பொட்டலம் என்று கேட்டேன். மகள் வெளியூருக்குப் படிக்கப் போகிறாள், அதற்காகச் சேர்க்கிறேன் என்று அப்பா சொன்னாராம். முதலில் கொஞ்சமாகத்தான் கொண்டுவந்தாராம். பிறகு ஒவ்வொரு தடவையும் பொட்டலம் பெரிதாகிக்கொண்டே வந்ததாம். நல்ல சத்து தாயி, உனக்கு உடம்பு தேறலையே என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தானியத்தை அரைக்க வேண்டாம் என்று சொல்லிப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஸ்கூட்டரை எப்படி வீடுவரை ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன். கஞ்சியில் கோதுமை போடுவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கை நிற்கவில்லை. காம்பிலிருந்து இலை உதிர்ந்துகொண்டே இருந்தது.

"அவங்கள்ட்ட கேளு" என்றாள்.

வறுத்தது அவள்தானே. எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. கிறுக்கி என்று சொன்னபோது அவள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்து உறைத்தது.

அப்பா கட்டிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை மட்டும் அவருக்காகச் சொல்லலாம்.

"நீ போற ஊர்ல சோறா போடுதான்? மூணு நேரமும் சப்பாத்திதான். அங்கன போயி வயித்தப் பிடிச்சிக்கிட்டு எவன்ட்ட போயி நிப்ப? இங்கன வச்சே பழக்கிட்டா நிம்மதியா அனுப்பலாம்லா."

"அது பழகாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா."

"டாக்டருக்கு என்னட்டி தெரியும். எலெக்‌ஷன் பந்தோபஸ்துக்கு வடக்க போனப்ப எனக்கும் மொத வாரம் பூரா வயித்தால போச்சு. பொறவு பழகிட்டு. பழக்குனா எதுவும் பழகும். அருவியில உன்ன நிக்க வைக்கலயா நான்?"

நிற்க வைத்தார்தான். ஐந்து வயதில் குற்றாலத்தில் அருவியைப் பார்த்து நான் அலறினேன். முதல் நாள் ஓரத்தில் தெறிக்கிற இடத்தில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த முறை இரண்டடி உள்ளே. அந்த சீசன் முடிவதற்குள் தண்ணீர் முதுகில் அறைகிற இடத்தில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதே கணக்கில்தான் அவர் முதலில் ஒரு ஸ்பூன் போட்டார், பிறகு கைப்பிடி, பிறகு பொட்டலம். மைதானத்தில் பையன்களுக்கு ரவுண்டு கூட்டுகிற மாதிரி. நான் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்ததை, முதல் வாரம் வாந்தியெடுக்கிற புதுப் பையனின் நடையாகத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

இதில் என்னைப் பித்துப் பிடிக்கவைக்கிற விஷயம், அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பது. குடல் பழகுகிற உறுப்புதான். வெளியிலிருந்து வருகிற எத்தனையோ பொருளை இது சாப்பாடு, இது பகை இல்லை என்று குழந்தையிலிருந்தே அது கற்றுக்கொள்கிறது. இல்லாவிட்டால் நாம் ஒரு வாய் சோறும் தின்ன முடியாது. அந்தப் பழக்கம் எங்கே, எப்படி அறுந்துபோகிறது என்பதைப் படிக்கத்தான் நான் வடக்கே போக இருந்தேன். ஒருமுறை அறுந்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது சமாதானப் பேச்சு ஆகாது. ஒவ்வொரு ஸ்பூனும் அந்தக் காவல்படைக்கு எதிரியின் முகத்தை மறுபடி காட்டிக்கொடுப்பதுதான். இதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தென்காசியில் பாதிப் பிள்ளைகளுக்கு நான்தான் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். டவலை நனைத்துக் காட்டியிருப்பேன்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

"டாக்டர் என்னைக் கள்ளின்னு சொன்னப்ப ஏன்ப்பா பேசாம இருந்தீங்க?"

அப்பா துண்டை இழுத்துப் போர்த்தினார். 

"இன்னும் கொஞ்ச நாள்ல பழகிரும்னு நினைச்சேன்" என்றார்.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி டப்பா. கஞ்சி மாவை வறுப்பதும் நான்தான், திரிப்பதும் நான்தான். மில் வேண்டாம், அடுத்தவர்கள் அரைத்த கோதுமை மிஷினில் ஒட்டியிருக்கும் என்று மிக்ஸியிலேயே போட்டுக்கொள்கிறேன். அம்மா ஒருநாள் என் சட்டியில் கரண்டியை விட வந்தாள். நான் மூடியைப் போட்டேன். அவள் திரும்பிப் போனாள். முன்பெல்லாம் சாப்பிடும்போது எதையாவது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன், இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். போன முறை பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டை வாங்கத் தனியாகத்தான் போனேன். இப்போதாவது வாயைக் கட்டினீர்களே என்று டாக்டர் பாராட்டினார். நன்றி சார் என்றேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் தெரியவில்லை. வடக்கே மறுபடி விண்ணப்பித்து, இடமும் கிடைத்திருக்கிறது. அங்கே கேன்டீனை எதிர்பார்க்காமல் சொந்தமாகச் சமைத்துக்கொள்கிற அறைக்கு எழுதி வாங்கிவிட்டேன். அது ஒரே ஒரு மெயில் வேலை. அப்பா ஒரு தடவை கேட்டிருந்தால் போன வருஷமே முடிந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஐந்தருவிக்குக் கூப்பிட்டார். போனேன். அவர் ஆண்கள் பக்கமும் நான் பெண்கள் பக்கமுமாகக் குளித்தோம். தலை துவட்டிக்கொண்டு நான் ஸ்கூட்டரிடம் வந்தபோது, அவர் பழக்கடைகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எதை எதையோ எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார். ஒரு கடையில் வெட்டிவைத்த அன்னாசித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றுவிட்டு நகர்ந்தார். கடைசியில் மங்குஸ்தான் வாங்கிவந்தார். ஊதா நிறம், ஓடு முழுசாக, எங்கேயும் கீறல் இல்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்து, நசுக்கித் திறப்பதற்காக இன்னொரு கையை மேலே கொண்டுபோனார்.

பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். மேல்கையை எடுத்துவிட்டு, பழத்தை அப்படியே என் பக்கம் நீட்டினார்.

"நீயே உடைச்சுக்கோ" என்றார்.

வாங்கினேன். ஓடு கெட்டியாக இருந்தது, விரல்நகம் வலித்தது. உள்ளே வெள்ளைச் சுளைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். சாரலில் அவர் முன்முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் விழுங்கும்வரை அப்பா நின்றார். பழைய பழக்கம்.